பேரில்லாத வடிகால்

பள்ளிப் பேருந்தை நடுரோட்டில் நிறுத்தி, சிவப்பு விளக்கைப் போட்டு, பக்கவாட்டில் 'நில்' பலகையையும் நீட்டி, இரண்டு பக்கமும் வண்டிகளைக் காக்க வைத்துவிட்டாள் மார்லிஸ் என்று சேதி வந்தபோது, நான் பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பிள்ளை அடிபட்டதோ என்று எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினால், பிள்ளைகள் எல்லாம் வாசலில் நனைந்துகொண்டு குதிக்கின்றன.

"பெரிட் மிஸ்! மீன் ரோட்டை கிராஸ் பண்ணுச்சு! மார்லிஸ் மிஸ் வண்டிய நிப்பாட்டிட்டாங்க!"

மார்லிஸ் பின்னாலேயே இறங்கி வந்தாள். முழங்கால்வரை ஈரம். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், ஏதோ பரிசு விழுந்தவள்போல.

"மீனுக்கா நிறுத்துன?" என்றேன்.

"ரோட்டைக் கடக்கிறவங்களுக்குத்தான அந்தப் பலகை? கடந்துச்சு, நிறுத்தினேன்."

"உன் வேலை போகப்போவுது, பாத்துக்க."

"போனா உன் சமையலறையில உருளைக்கிழங்கு உரிக்கிறேன். நகரு, நனைஞ்சிருக்கேன்."

வேலை போகவில்லை. போக்குவரத்துப் பொறுப்பாளர் கூப்பிட்டு ஒரு மணி நேரம் கத்தினார். இவள் தலையை ஆட்டிவிட்டு வந்து, மறுநாள் காலை அதே இடத்தில் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான் அவளுக்குப் புத்தி வந்தது.

மார்லிஸ் ஹாகன் என் அண்ணன் ஆர்னியின் மனைவி. முறைக்கு அண்ணி, வயதில் என்னைவிடச் சின்னவள். ஆகவே மரியாதை எதுவும் எங்களுக்குள் கிடையாது. டகோடாவில் பிறந்தவள். அங்கே கோதுமையும் காற்றும் தவிர வேறொன்றும் இல்லை என்று அவளே சொல்வாள். வாஷிங்டன் மாநிலத்தின் வடகோடியில், மலைக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் பள்ளத்தாக்குக்கு அவள் மணப்பெண்ணாக வந்தது ஒரு அக்டோபரில். மழை பிடித்துக்கொண்டது. முதல் குளிர்காலம் முழுவதும் ஜன்னலோரம் நின்று "இன்னுமா பெய்யுது?" என்று கேட்டாள். இரண்டாவது குளிர்காலத்தில் வாயை மூடிக்கொண்டாள். மூன்றாவதில் மழையில் துணி காயப்போடாத அளவுக்குத் தேறினாள்.

ஆர்னி மாரடைப்பில் போனபோது அவளுக்கு ஐம்பது வயது. அழுதாள், பசுக்களை விற்றாள், பேருந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள், எல்லாம் ஒரே வசந்தத்தில். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் ஒரு வருடம் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டேன். அதற்காக அவளை எனக்குப் பிடிக்கும். மற்றதற்கெல்லாம் பிடிக்காது.

அந்த மீன் விவகாரத்தைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வடிகால்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் நிலமெல்லாம் தாழ்வு. வடிகால் இல்லாவிட்டால் மக்காச்சோளம் முளைக்காது, பசு நிற்காது. எங்கள் பெரியவர்கள் நார்வேயிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் வந்து சேற்றில் இடுப்பளவு நின்று மண்வெட்டியால் தோண்டினார்கள். தோண்டியவன் பேர்தான் வடிகாலுக்கு. போஸ்மா வடிகால், டெர்மீர் வடிகால், ஹாகன் வடிகால். கடைசியில் சொன்னது என் அப்பா தோண்டியது, மேற்கு வயலில் ஓடுகிறது. அதன் பேரை யாராவது மாற்றிச் சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். வெட்டியவன் பேரை எடுத்துவிட்டு இன்னொருத்தன் பேரை ஒட்டுவது எங்கள் ஊரில் திருட்டுக்குச் சமம். டைக் சாலை ஓரமாக, எங்கள் நிலத்தையும் கெரிட் போஸ்மா நிலத்தையும் தாண்டி ஆற்றுக்குப் போகிறதை மட்டும் வெறுமனே 'வடிகால்' என்போம். எது என்று யாருக்கும் சந்தேகம் வராது.

வருடா வருடம் செப்டம்பரில், மழைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, கரையிலிருக்கிற ஐந்து குடும்பமும் கூடி வடிகாலைச் சுத்தம் செய்வோம். கெரிட்தான் தலைவர். யாரும் போட்டியிடாத பதவி, அவரும் விடாத பதவி. சொந்தப் பொக்லைனைக் கொண்டுவந்து மேலிருந்து கீழ்வரை வழித்து எடுப்பார். விழுந்த மரம், கிளை, புல், சேறு எல்லாம் கரையேறும். முடிந்ததும் தண்ணீர் கோடு போட்டதுபோல் நேராக ஓடும். பிறகு எல்லோரும் அங்கேயே மேசை போட்டுச் சுட்ட கோழி, வேகவைத்த சோளம், ப்ளாக்பெர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட பை என்று சாப்பிடுவோம். கிறிஸ்துமஸுக்கு வராத ஆட்கள்கூட வடிகால் நாளுக்கு வருவார்கள். பையைச் சுட்டுக் கொண்டுவருவது இருபது வருடமாக மார்லிஸ்தான்.

மீன் ரோட்டைக் கடந்தது ஒரு நவம்பர் வெள்ளத்தில். வடிகாலைச் சாலைக்கடியில் கடத்திவிடுகிற பழைய இரும்புக் குழாய் கீழ்ப்பக்கம் தண்ணீருக்கு மேலே இடுப்புயரத்தில் தொங்கியது. எந்த மீனும் அதில் ஏற முடியாது. அன்றைக்கு வெள்ளம் ரோட்டுக்கு மேலேயே வழிந்ததால், கீழே காத்துக்கிடந்த சால்மன்கள் தார் மேல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு, வாலை அடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டன. நாங்கள் சின்ன வயதிலிருந்தே சால்மனைச் சுட்டும் புகைபோட்டும் தின்று வளர்ந்தவர்கள். அது எங்கே போகிறது என்று ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு டகோடாக்காரிதான் வர வேண்டியிருந்தது.

அடுத்த செப்டம்பர். வடிகால் நாள். மார்லிஸ் பையை வெட்டிக்கொண்டிருக்கிறாள். கெரிட்டின் பொக்லைன் ஒரு வாளி சேற்றைக் கரையில் கொட்டியது. கொட்டின சேற்றில் ஏதோ துள்ளியது. விரல் நீளம், பக்கவாட்டில் கரும்பட்டைகள். ஒன்று, இரண்டு, பிறகு சேறு முழுக்கத் துள்ளல்.

"கெரிட், நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

கெரிட் இயந்திரத்தை அணைத்தார். "என்னம்மா?"

"இது என்ன?"

இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "சின்ன மீனு. வருஷா வருஷம் ரெண்டு மூணு வரும். நாரை தின்னுடும்."

மார்லிஸ் பை இருந்த கண்ணாடித் தட்டைக் கவிழ்த்தாள். பை போனது புல்லில். தட்டில் தண்ணீர் மொண்டு, சேற்றில் மண்டியிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாள். அது என் தட்டு. என் கல்யாணத்துக்கு வந்த தட்டு. நான் அங்கேயே கூச்சல் போட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை.

ஆற்றுவாயில் இருக்கிற பழங்குடியின் மீன்வளத் துறையில் ரேனல் என்றொரு பெண் வேலை பார்க்கிறாள். மீனியல் படித்தவள், ரப்பர் பூட்ஸைக் கழற்றாதவள். மார்லிஸ் தட்டைப் பேருந்தின் முன் இருக்கையில் வைத்து அவளிடமே ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் ரேனல் வந்து கரையில் கிடந்த சேற்றைக் காலால் தள்ளிப் பார்த்தாள்.

"கோஹோ சால்மன் குஞ்சு. போன நவம்பர்ல ரோட்டைத் தாண்டுச்சே, அதுங்க போட்டது. கடலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் இங்கதான் வளரும். மரம் விழுந்து கெடக்கிற எடத்துல, வளைவுல, நிழல்ல ஒதுங்கி நிக்கும்." நேராகக் கிடந்த தண்ணீரைப் பார்த்தாள். "இங்க ஒதுங்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே."

"நாங்க சுத்தமா வெச்சிருக்கோம்" என்றார் கெரிட், பெருமையாகத்தான்.

"ஆமா, ரொம்ப சுத்தம். எங்க ஆளுங்க ஆத்துவாயில வலைய வெச்சுக்கிட்டு வராத மீனுக்குக் காத்திருக்காங்க. நீங்க இங்க பை வெட்டிக் கொண்டாடிக்கிட்டே பிள்ளைங்கள வாரிக் கரையில போடறீங்க."

கெரிட் முகம் செத்துவிட்டது. ஐம்பது வருடமாக ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர். கெட்டவர் இல்லை. ஆனால் கெட்டவர் இல்லை என்பதால் சொன்னதைக் கேட்டுவிடுவார் என்று அர்த்தமில்லை. "தூர் வாரலேன்னா என் சோளம் முங்கிடும்" என்று சொல்லிவிட்டுப் பொக்லைன்மேல் ஏறிப் போய்விட்டார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

அன்றிலிருந்து மார்லிஸ் தன் பக்கத்தில் யாரையும் வாளி போட விடவில்லை. வில்லோக் குச்சிகளை ஒடித்து ஒடித்துக் கரை முழுவதும் குத்தி வைத்தாள். எங்கள் ஊர் மழைக்கு நட்டதெல்லாம் பிடித்துக்கொண்டது. காற்றில் ஓர் ஆல்டர் மரம் தண்ணீரில் சாய்ந்து விழ, அதை எடுக்கப் போன டெர்மீரை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினாள். என் அப்பா வீட்டு முகப்பு புதர்க்காடாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என்னைப் பார்த்து, "உங்க அண்ணிக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

"உடம்பு கல்லு மாதிரி இருக்கு. தலைதான்" என்றேன்.

இப்படி இரண்டு வருடம் போனது. அப்புறம்தான் இடி விழுந்தது. டைக் சாலையை அகலப்படுத்தப்போகிறோம், அதற்காக வடிகாலை எங்கள் நிலம் நெடுக மூடி, நிலத்தடிக் குழாயில் விடப்போகிறோம் என்று கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், அறிவித்தது. கெரிட்டுக்குக் கொண்டாட்டம், இனி தூர் வாரவே வேண்டாம். இன்னொருத்திக்கும் சந்தோஷம். அவள்தான் மார்லிஸின் ஒரே மகள் சோல்வெய்.

சோல்வெய் ஊருக்கு வெளியே ஒரு வாடகை டிரெய்லர் வீட்டில் புருஷனோடு இருந்தாள். பல் மருத்துவமனையில் வேலை. எங்கள் நிலத்தில் பழைய வீடு நிற்கிற மேட்டைத் தவிர, வீடு கட்ட அனுமதி கிடைக்கிற மேடு இன்னொன்று மட்டும்தான் உண்டு, வடிகாலை ஒட்டி. மற்றதெல்லாம் வெள்ளம் ஏறும். அந்த மேடு உனக்கு என்று ஆர்னி அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தான். வடிகால் என்றால் கரையோரம் வரை வீடு கட்டலாம். ஓடை என்று ஆகிவிட்டால் சட்டப்படி இரண்டு கரையிலும் அகலமாக மரத்துக்கு விட வேண்டும், சோல்வெயின் மேடு மொத்தமும் அதில் போய்விடும்.

மார்லிஸ் கவுண்டி முடிவை எதிர்த்து மனுப் போட்டாள். இது ஓடை, மூடக் கூடாது என்று.

சோல்வெய் அன்று சாயங்காலமே வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் அடுக்களையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"மீனுக்கு வீடு வேணும். எனக்கு வேண்டாம். அப்படித்தானேம்மா?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லல, செஞ்சிட்ட. அப்பா எனக்குக் குடுத்த எடம் அது. ஜன்னல் எங்க வரணும்னுகூட குச்சி நட்டுக் காட்டினாரு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நான்தான் அந்தக் குச்சியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"அப்புறம்?"

மார்லிஸ் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். "சோல்வெய், உனக்கு வாய் இருக்கு. இந்தா, வந்து சண்டை போடற. அதுங்க வாயில்லாத ஜீவன்."

"மீனுக்கு வாயில்லையா? பின்ன நாம தூண்டிலை எதுலடி மாட்டறோம்?" என்று நான் கேட்டேன். நிலைமையைச் சிரிப்பாக்கலாம் என்றுதான். இரண்டு பேரும் ஒரே மாதிரி என்னைத் திரும்பி முறைத்தார்கள். அம்மாவுக்கும் மகளுக்கும் அந்த முறைப்பில் ஒரு வித்தியாசமும் கிடையாது. சோல்வெய் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். காபி யாருக்கும் இறங்கவில்லை.

விசாரணைக்கு நாங்கள் எல்லோரும் போனோம். நான் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாது. சோல்வெய் கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு. விசாரணை அதிகாரி நடுத்தர வயதுப் பெண், இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தெளிவாகச் சொன்னார். இயற்கையாக உண்டான நீரோட்டம் என்றால், இன்றைக்கு அதில் மீன் இருக்கிறதோ இல்லையோ, மீனுக்கு வழி திறந்துவிட வேண்டும். மனிதன் தோண்டியது என்றால் கவுண்டி மூடலாம். தீர்க்க வேண்டியது அது ஒன்றுதான்.

ரேனல் தன் அளவீடுகளைச் சொன்னாள். குழாய்க்குக் கீழே கோஹோ நிறைய. மேலே இந்த வருடம் ஒன்றும் இல்லை, ரோட்டைத் தாண்டும் அளவுக்கு வெள்ளம் வரவில்லை. மறைக்காமல் சொன்னாள். அது எங்களுக்குப் பாதகம்தான், ஆனாலும் சொன்னாள்.

கவுண்டி வக்கீல் சின்ன வயசுக்காரர், மரியாதையான பையன். மார்லிஸிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"மேடம், இந்தத் தண்ணிய நீங்க வீட்ல எப்படிச் சொல்வீங்க?"

"வடிகால்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன, இந்தப் பைத்தியக்காரிக்கு!

"உங்க கணவர்?"

"வடிகால்னுதான்."

"ஊர்ல வேற யாராவது வேற மாதிரி சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

"இல்ல. எல்லாருக்கும் வடிகால்தான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீல் ஒரு நிமிடம் தயங்கினார். அடுத்த கேள்வியைக் கேட்க அவருக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது. "இது ஓடைன்னு முடிவானா, உங்க மகளோட வீட்டு மனை போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன். என் மகளுக்கு நான் இன்னொரு வழி பண்ணலாம். இதுக்கு இது ஒரே வழி."

நான் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

அடுத்துக் கெரிட். கவுண்டியின் சாட்சி. சர்ச்சுக்குப் போடுகிற கோட்டுப் போட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது வடிகால், நான் பிறந்ததிலிருந்து வடிகால், வருடா வருடம் நான்தான் தூர் வாருகிறேன் என்று சொன்னார். மனுதாரர் கேள்வி கேட்கலாம் என்றார் அதிகாரி. மார்லிஸ் எழுந்தாள்.

"கெரிட், உங்க மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாடி ஓடுற வடிகால் யாருது?"

"எங்க தாத்தாவுது. போஸ்மா வடிகால்."

"எங்க மேக்கு வயல்ல?"

"ஹாகன் வடிகால். உன் மாமனார் தோண்டினது. நல்ல வேலை, இன்னிக்கும் கரை சரியல."

என்னையும் அறியாமல் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தெக்கால?"

"டெர்மீர் வடிகால். அது சுமாரா இருக்கும்." டெர்மீர் முனகினார்.

"ரோட்டோரம்?"

"அது வடிகால்."

"யாரு வடிகால்?"

கெரிட் தொப்பியைத் திருப்பினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமாக இந்த வாயால் எத்தனை ஆயிரம் தடவை அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன், யாருடையது என்று ஒருநாளும் தோன்றவில்லையே!

"உங்க தாத்தா தோண்டினாரா, கெரிட்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தாத்தா கல்லறையில் இருக்கிறார், மறுத்துப் பேச ஆளில்லை. வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வெட்டாத மண்ணை வெட்டினேன் என்று சொல்வதற்கு எங்கள் பள்ளத்தாக்கில் ஒருத்தனுக்கும் நாக்கு வராது, கெரிட் போஸ்மாவுக்கு நிச்சயமாக வராது.

"தாத்தா தோண்டல" என்றார். "குதிரையப் பூட்டி நேராக்கினாரு."

"எதை நேராக்கினாரு?"

"கோணல் மாணலா போயிட்டிருந்ததை."

"எது போயிட்டிருந்தது?"

"தண்ணிதான், மார்லிஸ். நீ என்ன கேக்கறேன்னு எனக்குப் புரியுது." அவர் வக்கீலைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்த்தார். "யாரும் தோண்டலைங்க. அதனாலதான் அதுக்குப் பேரு கிடையாது. நாங்க வர்றதுக்கு முன்னாடியே அது இருந்துச்சு."

"எங்க ஆளுங்க வர்றதுக்கும் முன்னாடி" என்றாள் ரேனல், தன் நாற்காலியிலிருந்து. அதிகாரியே சிரித்துவிட்டார்.

தீர்ப்பு வசந்தத்தில் வந்தது. இயற்கை நீரோட்டம். குழாயை எடுத்துவிட்டு, சாலைக்கடியில் ஓடை அகலத்துக்குத் திறப்பு விட்டுப் பாலம் போட வேண்டும். சோல்வெயின் மேடு மரத்துக்குப் போனது. மார்லிஸ் ஜெயித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அடுக்களையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆர்னி செத்தபோதுகூட இப்படி உட்கார்ந்து அழுததை நான் பார்க்கவில்லை.  நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கோடையில் வேலை நடந்தது. பொக்லைனோடு வந்தது கெரிட்தான். தாத்தா நேராக்கியதை மறுபடி கோணலாக்க அவரை விட்டால் ஆளில்லை என்று அவரே வந்து சொன்னார். ரேனல் கையைக் காட்டக் காட்ட வளைவு வெட்டினார், சரளைக்கல் பரப்பினார், முழு மரங்களை வேரோடு கொண்டுவந்து தண்ணீரில் கிடத்தினார்.

"இன்னும் கோணலா வேணுமா?" என்று கத்துவார்.

"இன்னும்!" என்பாள் ரேனல்.

"எங்க தாத்தா எந்திரிச்சு வந்து என்னை அடிக்கப்போறாரு, பாரு."

ஆனால் இரண்டு முறை வளைவை அவராகவே பெரிதாக்கினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் சோளமும் முங்கவில்லை. வளைவில் தண்ணீர் நின்று நிதானித்துப் போனது.

சோல்வெய் வரவே இல்லை. தீர்ப்புக்குப் பிறகு அம்மாவிடம் ஒரு சொல் பேசவில்லை. ஒருநாள் மார்லிஸ் என்னிடம் சொன்னாள்:

"நான் இந்த வீட்டை சோல்வெய்க்கு எழுதிட்டேன்."

"என்ன?"

"நாலு ரூம். நான் ஒருத்தி. கெரிட் வீட்டுக் கொட்டகை மாடியில ஒரு அறை சும்மா கெடக்கு, வாடகைக்குப் பேசிட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்! "இது எங்கப்பா கட்டின வீடுடி! நீ மாட்டுக்கொட்டகையில போய்ப் படுக்கறதுக்கா எங்கப்பா கட்டினாரு?"

"உங்கப்பா கட்டின வீட்ல உங்கப்பாவோட பேத்தி இருக்கப்போறா. அதுல உனக்கு எங்க வலிக்குது?"

நான் மேசையைத் துடைத்தேன், ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையை.

சொன்னபடியே போய்விட்டாள். ஒரு கட்டில், ஒரு காபிப் பானை, ஆர்னியின் மழைக்கோட்டு. சோல்வெயிடம் சொல்ல என்னை அனுப்பினாள்.

"உங்கம்மா வீட்டை உனக்குக் குடுத்துட்டா."

"வேண்டாம்னு சொல்லுங்க அத்தை."

வந்து சொன்னேன். "வேண்டாமாம்."

"வேண்டாம்னா காலியா கெடக்கட்டும்னு சொல்லு."

போய்ச் சொன்னேன். "காலியா கெடக்கட்டுமாம்."

"கெடக்கட்டும்."

இரண்டு கழுதைகளுக்கு நடுவில் நான் செருப்புத் தேய நடந்தேன். கடைசியில் இரண்டு பேரிடமும், இனி உங்கள் சேதியை நீங்களே சுமந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். வீடு பூட்டியே கிடந்தது. சாவி என்னிடம். குளிர் வந்தால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடுமே என்று, நான்தான் இரண்டு நாளைக்கு ஒருமுறை போய் அடுப்பை மூட்டிவிட்டு வருவேன். என் அப்பா வீடு, நான் பார்க்காமல் யார் பார்ப்பார்கள்?

நவம்பரில் மழை கொட்டியது, ஆனால் ரோட்டின் மேல் வழியவில்லை. வழிய வேண்டிய தேவையே இல்லை, பாலத்தடியில் தாராளமாகப் போனது. ஒரு காலை நான் அடுப்பை மூட்டிவிட்டு, கதவைப் பூட்டி, சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், கீழே சோல்வெயின் வண்டி நிற்கிறது. அவள் வில்லோக்களுக்கு நடுவில், தன் மேட்டின் ஓரத்தில், தலையில் ஒன்றும் போடாமல் மழையில் நின்றுகொண்டிருந்தாள்.

இறங்கிப் போனேன். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. "சத்தம் போடாதீங்க அத்தை" என்றாள்.

தண்ணீரில், சரளைக்கல் மேல், என் கை நீளத்துக்கு ஒரு மீன். உடம்பெல்லாம் கீறல், வால் நைந்து வெள்ளையாகிவிட்டது. கடலிலிருந்து வந்திருக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் கல்லை அடி அடியென்று அடித்துக் குழி பறித்தது. கல் நகர்ந்து சேறு கலங்கியது. கொஞ்சம் ஓய்ந்தது. மறுபடி சாய்ந்து அடித்தது.

"எத்தனை நேரமா நிக்கற?"

"வெளிச்சம் வந்ததுலேருந்து. வேலைக்குப் போற வழியில பாலத்துல ஒரு நிமிஷம் நிறுத்தினேன்." மூக்கை உறிஞ்சினாள். "சரியா எங்க தோண்டுது பாருங்க. இதுக்கு நேரா மேலதான் என் சமையலறை ஜன்னல். அப்பா குச்சி நட்ட எடம்."

நான் அவள் முதுகில் கை வைத்தேன். கோட்டு ஊறிப்போயிருந்தது.

"எவ்வளவு கல்லு அத்தை. வாலே போயிடுச்சு அதுக்கு. இன்னும் விட மாட்டேங்குது." சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன பிடிவாதம். அப்படியே அம்மா."

 மீன் சாய்ந்தது, அடித்தது. குழி ஆழமாகிக்கொண்டே வந்தது.

"அத்தை" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. கையை என் பக்கம் நீட்டினாள், கண் மட்டும் தண்ணீரிலேயே இருந்தது. "சாவி எங்க?"